பதினேழாம் வாசல்

எண்பதுகளில் கோவிலம்பாக்கத்திலும் அதைச் சுற்றிய நாலைந்து ஊர்களிலும் வயதான ஒருவர் இறந்தால், பதினைந்தாம் நாள் பிற்பகல் முனிரத்தினத்தைக் கூப்பிடுவார்கள். மறுநாள் கருமாதி. அதற்குள் இறந்தவர் எமபுரியின் இருபத்தெட்டு வாசல்களையும் கடந்துவிட வேண்டும். வாசலுக்கு ஒரு நரகம், நரகத்துக்கு ஒரு பாவம். முனிரத்தினம் நோட்டைப் பார்த்து ஒரு வாசலை வாசிப்பார். முடித்ததும் தலையை நிமிர்த்தி, கூடியிருப்பவர்களைப் பார்த்துக் கேட்பார்:

"இந்த வாசலில் இவரை நிறுத்த இங்கே யாராவது உண்டா?"

எல்லாரும் "இல்லை" என்பார்கள். இறந்தவரின் மனைவி, மனைவி இல்லையென்றால் மகள், தாம்பாளத்தில் எண்ணி வைத்த இருபத்தெட்டுப் புளியங்கொட்டைகளில் ஒன்றை எடுத்துத் தண்ணீர்ச் சொம்பில் போடுவாள். அந்த வாசலைக் கடந்தாயிற்று. அடுத்ததை வாசிக்கலாம்.

யாராவது "உண்டு" என்று சொல்லிவிட்டால் வாசிப்பு அங்கேயே நிற்க வேண்டும். குறை என்னவென்று கேட்டு, வீட்டுக்காரர்கள் அதைச் சரிசெய்த பிறகுதான் கொட்டை விழும். தாம்பாளம் காலியாகாமல் மறுநாள் பிண்டம் வைக்கக் கூடாது. முறை அப்படி. ஆனால் முனிரத்தினம் வாசித்த பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் "உண்டு" என்று சொன்னதில்லை. பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்து "இல்லை" என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

அது அவருக்குப் பிழைப்பு இல்லை. பிழைப்பு பம்மலில், ஒரு தோல் ஷெட்டில், சுண்ணாம்புத் தொட்டியில். ஆட்டுத்தோலை ஊறப்போட்டு, புரட்டி, மயிர் கழிக்கிற வேலை. சைக்கிளில் பல்லாவரம் வழியாகப் போய் வருவார். எத்தனை சோப்பு போட்டாலும் நகத்தடியில் வெள்ளை போகாது. பள்ளிப் படிப்பு ஐந்தாவது வரைதான்.

வாசிப்புக்கு அவர் வந்ததற்குக் காரணம் ஒரு தவறு. அவருடைய அப்பாவுக்கு வாசித்தவர் தூக்கக் கலக்கத்தில் ஒரே வாசலை இரண்டு முறை வாசித்துவிட்டார். கணக்கு இருபத்தெட்டு சரியாக வந்தது. யாரும் கவனிக்கவில்லை. முனிரத்தினம் கவனித்தார். அப்படியென்றால் விட்டுப்போன வாசல் எது, அப்பா எங்கே நிற்கிறார் என்று அது அவரை விடாமல் அரித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வண்டலூர் வரைக்கும் ஐந்து ஊர்களில் வாசிப்பவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய நோட்டுகளைக் கெஞ்சி வாங்கி, ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தார். ஒரே நோட்டில் எல்லாம் இல்லை. ஒன்றில் வரிசை மாறியிருந்தது, ஒன்றில் பாதி வரிகள் கறையான் தின்றிருந்தன. ஆறு வருடத்தில் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு நீள நோட்டில் எழுதி முடித்தார். அடித்தல் திருத்தல் இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. ஐந்து நோட்டுகளில் மூன்றில் பதினேழாம் வாசல் இல்லை. அது அடுத்தவன் நிலத்தைத் தன் வரப்புக்குள் இழுத்துக்கொண்டவனின் நரகம். ஏன் இல்லை என்று வண்டலூர்க்காரரிடம் கேட்டதற்கு அவர் ஒளிக்காமல் சொன்னார்:

"அத்த படிச்சா நாளைக்கு எவன் நெலத்துல குடிசை போடறது?"

முனிரத்தினம் தன் நோட்டில் பதினேழை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினார்.

நரகத்தை அவர் பயந்து படித்தவரில்லை. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனின் வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எண்ணெய்க் கொப்பரை சமையல்காரனுடையது, செக்கு வாணியனுடையது, சூளை குயவனுடையது. இதை எழுதியவர் நரகத்துக்குப் போனதில்லை, ஊர் ஊராக வேலை நடக்கும் இடங்களுக்குப் போயிருக்கிறார் என்று அவருக்குப் பட்டது. வாயில்லாத உயிரை வதைத்தவனைத் தோலுரித்துச் சுண்ணாம்பில் ஊறவைக்கிறார்கள் என்ற வரியை முதல்முறை எழுதும்போது, "நம்ம ஷெட்டுக்கும் வந்து பாத்துட்டுத்தான் போயிருக்கான்" என்று தனியாகச் சிரித்தார். இன்னொன்றும் கவனித்தார். தண்டனை என்று வெளியிலிருந்து எதையும் கொண்டுவருவதில்லை. அவனவன் செய்ததையே நிறுத்த முடியாமல் செய்ய வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது ஆனி மாதம் பொன்னுரங்கம் இறந்தார். ஏரிக்குத் தெற்கே பெரிய நிலம் அவருடையது. அதை ஒட்டி அவருடைய தம்பி ஜெயவேலுவின் நிலம். எழுபத்தெட்டாம் வருடம் பெரிய மழை வந்து வரப்பெல்லாம் கரைந்தபோது, இரண்டுக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல் பதினோரு அடி தம்பி பக்கம் நகர்ந்து நின்றது. மழை அடித்துக்கொண்டு போனது என்று பொன்னுரங்கம் சொன்னார். கல் நகர்ந்ததில் தம்பியின் கிணறு அண்ணன் பக்கம் வந்துவிட்டது. ஜெயவேலு சண்டைக்குப் போகவில்லை. இரண்டு போகம் காய்ந்த பிறகு மேடவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

இப்போது அந்த நிலம் முழுவதையும் பிளாட் போடுகிறவர்களுக்கு விற்கப் பேசி முடித்திருந்தான் பொன்னுரங்கத்தின் மகன் அரிகிருஷ்ணன். கருமாதி முடிந்த திங்கட்கிழமை பதிவு.

பதினான்காம் நாள் மாலை, வேலை முடித்து வந்த முனிரத்தினத்தை ஏரிக்கரை ஓரத்தில் அரிகிருஷ்ணன் நிறுத்தினான். புல்லட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"இன்னாண்ணா, டூட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது தம்பி."

"நாளிக்குப் படிக்க வந்துடுவ இல்ல?"

"ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

"அதுல வரப்பு வாசல்னு ஒண்ணு கீதாமே. அத்த உட்டுட்டுப் படி."

முனிரத்தினம் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். "அப்டி உட முடியாது தம்பி. வரிசை ஒண்ணு கீது."

"வரிசை எவனுக்குண்ணா தெரியும்? பாதி ஜனம் தூங்கும். பாதி பீடி புடிக்க வெளிய பூடும். சித்தப்பா வந்து குந்திகினு இருப்பாரு. பிளாட்டுக்காரங்களும் துக்கம் கேக்க வராங்க. அவங்க எதிர்ல சித்தப்பா எழுந்து நின்னு 'உண்டு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னு வையி, மொத்தமும் பேஜாராப் பூடும்."

"அவரு சொல்ல மாட்டாரு தம்பி. யாரும் சொன்னதில்ல."

"அப்ப படிக்காம உட்டா இன்னா?"

அரிகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"உன் குடிசை யாரு நெலத்துல நிக்குது?"

"உங்க அப்பா குட்த்த எடம். உங்க தாத்தாவுக்கு நான் படிச்சப்ப குட்த்தாரு."

"வாயால குட்த்தாரு. இப்ப அந்த வாய் இல்ல." அவன் புல்லட்டை உதைத்துக் கிளப்பினான். "படிக்கறதும் படிக்காததும் உன் இஷ்டம். குடிசை நிக்கறதும் நிக்காததும் என் இஷ்டம். நான் வரேண்ணா."

வீட்டில் மனைவி அஞ்சம்மாளிடம் சொன்னார். அவள் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"இதுல யோசிக்க இன்னா கீது? இருவத்தெட்டுல ஒண்ணு கொறஞ்சா எமன் இன்னா சர்வேயரா, அளந்து பாக்க?"

"கொட்டை ஒண்ணு மீந்துடும்டி. தட்டுல மீந்த கொட்டைய எல்லாரும் பாப்பாங்க."

"அப்ப கொட்டைய ஒண்ணு கம்மியா வை."

"வைக்கறது அவங்க. செல்லியம்மா அக்கா தன் கையால எண்ணி வைப்பாங்க."

அஞ்சம்மாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீ ஆறு வருசம் எழுதினியே, எனக்கு ஒரு வேளை சோறு போட்டுச்சா அந்த நோட்டு? ரெண்டு பொண்ணுங்கள இட்டுகினு எங்க போவ? வண்டலூர் ஜூவுல கூண்டு காலியா கீதான்னு கேட்டுகினு வரியா?"

அவர் சாப்பிடாமல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினாறாம் வாசல் பொய்யனுடையது. அதில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் பொய் சொன்னவன், இரண்டாவதில் பொய்ச்சாட்சி சொன்னவன். இரண்டையும் பிரித்தால் இரண்டு வாசல். பதினேழைத் தாண்டிவிட்டுப் பதினெட்டுக்குப் போகலாம். மொத்தம் இருபத்தெட்டு சரியாக வரும். பென்சிலால் மெல்லிய கோடு ஒன்றைப் பதினாறின் நடுவில் போட்டார். தன் அப்பாவுக்கு வாசித்தவராவது தூக்கக் கலக்கத்தில் செய்தார் என்று அப்போது நினைத்துக்கொண்டார். கோட்டை அழிக்கவில்லை.

மறுநாள் பொன்னுரங்கம் வீட்டு வாசலில் பந்தல். அனலில் கீற்று காய்ந்து வாசம் அடித்தது. பங்காளிகள் ஜமக்காளத்தில், பெண்கள் உள்பக்கத்துச் சுவரோரம், பிளாட்டுக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியில். ஜெயவேலு வந்து கடைசியில் பந்தக்கால் அருகே குத்தவைத்து உட்கார்ந்தார். அரிகிருஷ்ணன் வாசிப்பவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டான். பொன்னுரங்கத்தின் மனைவி செல்லியம்மாள் தாம்பாளத்தை மடியருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் கழற்றப்போகும் தாலி கழுத்தில் இருந்தது.

முதல் வாசல்களில் வழக்கமான கலகலப்பு இருந்தது. பசித்தவன் பார்க்கத் தனியாகத் தின்றவனின் நரகத்தில், அவன் முன் எப்போதும் இலை போட்டிருக்கிறது. அள்ளி அள்ளித் தின்கிறான். தின்பது தன் நாக்கைத்தான் என்று விழுங்கிய பிறகே தெரிகிறது. நாக்கு மறுபடி முளைக்கிறது, பசியும் முளைக்கிறது. வாசித்து நிறுத்தியதும் யாரோ குரல் கொடுத்தார்கள்.

"ஏகநாதம் மாமா, காது குடுத்துக் கேளு. உனக்குத்தான்."

செல்லியம்மாளின் தம்பி ஏகநாதன் தொந்தியைத் தடவிக்கொண்டார். "நான் தனியா எங்கடா துன்னேன்? நீங்கதான் எப்பவும் கூட வந்து குந்திக்கிறீங்களே."

சிரிப்பு அடங்கியதும் "இல்லை" என்றார்கள். கொட்டை விழுந்தது.

கோபக்காரன் எதிரியின்மேல் எறிய நெருப்புத் துண்டை எடுக்கிறான். அது கையை விட்டுப் போவதில்லை. எறிகிற கை ஓங்கியபடியே வேகிறது. கண்ணில் பொறாமை வைத்தவனுக்கு இமையை அறுத்துவிடுகிறார்கள். அவன் எதிரே ஓயாமல் அடுத்த வீட்டுக் கல்யாணம் நடக்கிறது. சோம்பேறியைப் பஞ்சு மெத்தையில் படுக்க வைக்கிறார்கள், மெத்தைக்குள் கட்டெறும்பு, எழுந்தால் தப்பலாம், எழ மாட்டான். கர்வம் பிடித்தவனை ஆள் உயரத்தில் பாதி உயரமுள்ள மண்டபத்தில் விடுகிறார்கள். பிறன் மனைவியைத் தொட்டவன் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பதுமையைத் தானே ஓடிப்போய்த் தழுவுகிறான். இந்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "படிக்கறது கேக்கல, இன்னொருவாட்டி சத்தமாப் படி" என்றது. ஆண்கள் பக்கம் இரண்டு பேர் பீடி பிடிக்க எழுந்து போனார்கள்.

பதினாறு வந்தது. முனிரத்தினத்தின் குரலில் மாற்றம் இல்லை. கைதான் பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தது. பொய் சொன்னவனின் நரகத்தைப் பென்சில் கோடு வரை வாசித்து நிறுத்தினார். கேட்டார். "இல்லை" என்றார்கள். கொட்டை விழுந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த பொய்ச்சாட்சியை அடுத்த வாசலாக வாசித்தார். கேட்டார்.

"இல்லை."

கொட்டை விழவில்லை.

அவர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தார். சொம்பில் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். செல்லியம்மாள் கொட்டையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முனிரத்தினம், பொய்யும் பொய்ச்சாட்சியும் ஒரே வாசல்தானே?"

அவர் விரலால் பென்சில் கோட்டை மூடினார்.

"எம் மாமனாருக்கு ஒண்ணாத்தான் படிச்ச. எங்கப்பாவுக்குப் படிச்சப்பவும் நான்தான் கொட்டை போட்டேன். ஒண்ணாத்தான் படிச்ச. இவருக்கு மட்டும் பொய்க்கு ரெண்டு வாசலா?"

"யம்மா, அவரு இன்னா படிக்கறாரோ படிக்கட்டும். உனக்கு இன்னா தெரியும்?" என்றான் அரிகிருஷ்ணன்.

"நீ எந்த வூட்லயாவது குந்திக் கேட்டிருக்கியா? பந்தலுக்கு வெளிய நின்னு பேசிகினு இருக்கறவன்தான நீ? கொட்டை எங்கையில கீது. சும்மா இரு."

பீடி பிடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து ஓரமாக நின்றார்கள். தூங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். முனிரத்தினத்துக்கு இன்னும் வழி இருந்தது. எனக்குப் புது நோட்டு கிடைத்தது அக்கா, அதில் பிரித்துத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவர் சொன்னால் ஊரில் எதிர்த்துப் பேச ஆளில்லை. ஐந்து ஊர் நோட்டைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அந்த வார்த்தை நாக்குவரை வந்தது. எதிரே அரிகிருஷ்ணன் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தான். பின்னால் பெண்கள் கூட்டத்தில் அஞ்சம்மாள் இருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"தப்பு என்னுதுதான் அக்கா" என்றார். "நான் பிரிச்சுப் படிச்சிட்டேன். பதினேழு வேற."

பக்கத்தைத் திருப்பினார்.

பதினேழாம் வாசலில் மலை இல்லை, நெருப்பு இல்லை, கிங்கரர்கூட இல்லை. ஒரு வரப்பு மட்டும் இருக்கிறது. வரப்பைத் தள்ளியவன் தலையில் அவன் பிடுங்கிய கல்லை வைத்து, இந்த வரப்பு முடிகிற இடத்தில் இறக்கிக்கொள் என்று சொல்லி நடக்க விடுகிறார்கள். அவன் ஓர் அடி நடந்தால் வரப்பும் ஓர் அடி முன்னால் நகர்கிறது. தாகம். பக்கத்திலேயே கிணறு தெரிகிறது. அவன் குனிந்தால், அன்றைக்கு எத்தனை அடி தள்ளினானோ அத்தனை அடி தண்ணீர் கீழே போகிறது. எத்தனை காலம் என்று அவன் எமனைக் கேட்கிறான். எமன் சொல்கிறான்: கல்லை உன் தலையில் வைத்தது நான் இல்லை. பூமியில் அது இருக்க வேண்டிய இடத்தில் யாராவது வைத்தால் உன் தலையிலிருந்து இறங்கும். இறக்க எனக்கு அதிகாரம் இல்லை.

முனிரத்தினம் நோட்டை மடியில் வைத்தார்.

"இந்த வாசலில் இவரை நிறுத்த இங்கே யாராவது உண்டா?"

எல்லாருடைய கண்ணும் பந்தக்காலுக்குப் போனது. ஜெயவேலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிளாட்டுக்காரர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் என்ன நடக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல" என்றார் ஜெயவேலு.

அவர் சொன்ன பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். பந்தல் முழுக்க மூச்சு விட்டது. அரிகிருஷ்ணன் கையைத் தொங்கவிட்டான், சிரித்தேவிட்டான். முனிரத்தினமும் நோட்டைக் கையிலெடுத்தார்.

கொட்டை விழவில்லை.

"உண்டு" என்றார் செல்லியம்மாள்.

"யம்மா!"

"நான் கீறேன்டா. மழ உட்ட மறுநாள் விடியக்காலம் கடப்பாரை எடுத்துக் குட்த்தவ நான். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு யாராவது வராங்களான்னு பாத்தவ நான். மழ இல்ல, வெள்ளம் இல்ல. எம் புருசன்தான்."

ஜெயவேலு எழுந்து நின்றுவிட்டார். "அண்ணி, உடுங்க. நான்தான் இல்லன்னு சொல்லிட்டேனே."

"நீ சொன்னது உன் நல்ல மனசு ஜெயவேலு. அந்தக் கல்லு அங்கியேதான கீது? அவரு தலைமேல கீது. நான் இந்தக் கொட்டைய எப்டிப் போடறது?"

அரிகிருஷ்ணன் கத்தினான். கல்லாவது மண்ணாவது என்றான். இந்தக் காலத்தில் இதையெல்லாம் நம்பி நிலத்தை விடுவார்களா என்று பங்காளிகளைப் பார்த்துக் கேட்டான். வயதில் மூத்த பங்காளி பூவராகன் மட்டும் பதில் சொன்னார்.

"நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்பா. தட்டுல கொட்டை கீது. நாளிக்கு உங்கப்பனுக்குப் பிண்டம் வைக்க நாங்க யாரும் வர முடியாது. நீயா தனியா வச்சுக்கினா வச்சுக்கோ."

அப்பாவின் கருமாதியில் பங்காளி ஒருவரும் இல்லாமல் தனியாக நிற்க அரிகிருஷ்ணனுக்குத் துணிவு வரவில்லை. நான்கு பேர் கடப்பாரையோடு போனார்கள். பழைய கல் இருந்த குழியை, அதற்கு நேர் எதிரே நின்ற பனைமரத்தை வைத்துச் செல்லியம்மாளே காட்டினார். பதினோரு அடி. பொழுது சாய்வதற்குள் கல் திரும்பப் போய் நின்றது. கிணறு ஜெயவேலு பக்கம் வந்தது. செல்லியம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்து, கொட்டையைச் சொம்பில் போட்டுவிட்டு, "ம், மேல படி" என்றார். மீதிப் பதினொரு வாசல்களையும் முனிரத்தினம் விளக்கு வெளிச்சத்தில் வாசித்து முடித்தார். அந்தக் கலகலப்பு திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை பதிவு நடந்தது, பதினோரு அடி குறைத்து. செவ்வாய்க்கிழமை காலை அரிகிருஷ்ணன் குடிசைக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"ஒரு வாரம். அடுத்த செவ்வாக்கெழமை ஜேசிபி வருது. அதுக்குள்ள காலி பண்ணிக்கோ."

செல்லியம்மாள் மகனிடம் கேட்டுப் பார்த்தார். "நீ கேட்ட கல்ல நவுத்திட்டேன். இனிமே எதுவும் கேக்காத" என்று அவன் சொல்லிவிட்டான் என்று வந்து சொல்லி அழுதார். முனிரத்தினம் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஒரு வாரத்தில் அவர் வேலைக்குப் போகும் வழியிலெல்லாம் வாடகைக்குக் கேட்டார். பம்மலில் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது; நான்கு பேர் படுக்க முடியாது. கையிலிருந்ததற்கு வேறொன்றும் அமையவில்லை. அஞ்சம்மாள் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பாத்திரங்களைப் பேசவைத்தாள்.

சனிக்கிழமை ஜெயவேலு வந்தார். குடிசை வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"கெணத்தண்ட கொஞ்சம் எடம் கீது. வந்து குடிசை போட்டுக்கோ."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"வேணாம் ஜெயவேலு" என்றார் முனிரத்தினம்.

அஞ்சம்மாள் வெளியே வந்தாள். "இன்னா வேணாம்? இன்னா வேணாம்னு சொல்ற? ஒரு வாரமா ஊமையா கெடந்து, இப்ப வாயத் தொறந்தா வேணாமா?"

"இரு அஞ்சம்மா. இவரு தப்பா நெனச்சிகினு குடுக்கறாரு." அவர் ஜெயவேலு பக்கம் திரும்பினார். "உனக்காக நான் படிச்சேன்னு நெனச்சிகினு கீற. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் தாண்டிப் போகத்தான் பாத்தேன். மொத நாளே பென்சிலால கோடு போட்டு வச்சிட்டேன். அக்கா புடிச்சிகினாங்க, அதனால படிச்சேன். மாட்டலைன்னா உன் கெணறு போனதுதான். நான் இங்கியே சொகமா குந்திகினு இருந்திருப்பேன்."

"தெரியும்" என்றார் ஜெயவேலு. "நீ ரெண்டாப் படிக்கும்போதே எனக்குத் தெரியும். நானும் எத்தினி சாவுல கேட்டிருக்கேன். கேட்டுகினு சும்மாதான குந்தினிருந்தேன்? எழுந்து நின்னு சொல்ல எனக்கும் தெகிரியம் இல்ல. கேட்டதுக்கு அப்பறமும் இல்லன்னுதான் சொன்னேன்."

"அப்பறம் எதுக்கு எடம்?"

"நல்லவன்னு உனக்குக் குடுக்கலப்பா. வூடு இல்லன்னு குடுக்கறேன்."

"கேட்டியா?" என்றாள் அஞ்சம்மாள். "நல்லவன்னு இல்லியாம். இனிமே இன்னா வேணும் உனக்கு?"

முனிரத்தினம் வாசலில் உட்கார்ந்தார். நகத்தடியிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார். அரிகிருஷ்ணனின் ஜேசிபிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கடைசியில் எழுந்து உள்ளே போய், நோட்டில் எழுதாத ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாயால வேணாம்" என்றார். "எழுதிக் குடு. எந்தக் கல்லுலேந்து எத்தினி அடி, தெற்க எது, வடக்க எது, எல்லாம் போட்டு. நானே எழுதறேன், நீ கையெழுத்து போடு. ரெண்டு சாட்சி வேணும். பூவராகன் அண்ணனும் அக்காவும் போடட்டும்."

ஜெயவேலு முதன்முறையாகச் சிரித்தார். "இருவதுக்கு இருவது அடி எடத்துக்கு இவ்ளோ ஷரத்தா?"

மாலையில் மூன்று பேரும் கிணற்றருகே கயிற்றோடு போனார்கள். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தார் முனிரத்தினம். ஒரு முனையை எல்லைக்கல்லின்மேல் ஜெயவேலு பிடித்துக்கொண்டார். மறுமுனையோடு அஞ்சம்மாள் நடந்தாள். முனிரத்தினம் நடுவில் நின்று முடிச்சுகளை எண்ணினார். இருபதாவது முடிச்சு அஞ்சம்மாளின் முழங்கைக்கு இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கயிற்றை இழுத்து, முடிச்சுக்கு ஓர் அடி தாண்டிக் காலை ஊன்றி, அடையாளத்துக்குக் குச்சியை நடக் குனிந்தாள்.

"அஞ்சம்மா, பின்னால வா."

"ஒரு அடிதான்யா. தொளசி மாடம் வைக்க."

"பின்னால வா."

"உடுப்பா, எனக்குத் தெரியவா போவுது" என்று கல்லருகிலிருந்து ஜெயவேலு குரல் கொடுத்தார்.

"முடிச்சு எங்க கீதோ அங்க நில்லு" என்றார் முனிரத்தினம்.

அவள் அவரையும் அவர் நோட்டையும் அந்த இருபத்தெட்டு வாசல்களையும் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் வந்தாள். அவர் போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குச்சியை அவள் கையிலிருந்து வாங்கி நட்டார்.